22 எழுத்தில் ஒரு செல்லின் தலையெழுத்து

எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒரு ரத்தக் குருத்தணுவுக்கு முன்னால் வழிகள் ஏராளம். சிவப்பணு ஆகலாம். கிருமியைக் கண்டதும் விழுங்கும் நியூட்ரோஃபில் ஆகலாம். ஆன்டிபாடி சுரக்கும் பி செல் ஆகலாம். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போய், அங்கே பயிற்சி எடுத்து, டி செல்லாக வெளியே வரலாம். கிளம்பும்போது எல்லாருடைய கையிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. பிறகு எப்படி ஆளுக்கொரு தொழிலுக்குப் போகிறார்கள்?

பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பதில் உண்டு. எந்த மரபணு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதைப் பொறுத்து செல்லின் அடையாளம் அமைகிறது. திறப்பதும் மூடுவதும் சில புரதங்களின் வேலை. தப்பில்லை, ஆனால் அது பாதி பதில். மரபணு திறந்தால் அதிலிருந்து தூது ஆர்என்ஏ படியெடுக்கப்படும். அதைப் படித்து செல் புரதம் செய்யும். மரபணுவை மூடிய பிறகும், ஏற்கெனவே எடுத்த படிகள் செல்லுக்குள் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அவற்றை யார் அடக்குவது? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு புரதம் நிறைய இருந்தால் செல் ஒரு திசையிலும், அதே புரதம் கொஞ்சம் குறைந்தால் வேறு திசையிலும் போகும் என்றால், திறப்பதும் மூடுவதும் மட்டும் போதாது. அளவைத் திருத்த ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் மைக்ரோ ஆர்என்ஏ. ஏ, யூ, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளால் ஆன ஆர்என்ஏ மொழியில் இது சுமார் 22 எழுத்து நீளம். ஒரு தூது ஆர்என்ஏ பல ஆயிரம் எழுத்து நீளும் என்பதை நினைத்துப் பார்த்தால், இது ஒரு துணுக்கு. இதிலிருந்து எந்தப் புரதமும் உருவாவதில்லை. மற்ற தூது ஆர்என்ஏக்களின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றின் குரலைத் தாழ்த்துவதுதான் இதன் வேலை.

புழுவின் கடிகாரம்

கதை நோயெதிர்ப்பில் தொடங்கவில்லை. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சின்ன உருளைப்புழு. நான்கு இளநிலைகளைத் தாண்டி வளர்ச்சி பெறும். லின்-4 என்ற மரபணு கெட்டுப்போன புழுக்கள் முதல் நிலையில் செய்ய வேண்டியதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தன. வயது ஏறியும் செல்களுக்கு அது தெரியவில்லை. லின்-14 என்ற இன்னொரு மரபணு கெட்டால் இதற்கு நேர் எதிர்; முதல் நிலையையே தவிர்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவின.

விக்டர் ஆம்ப்ரோஸின் ஆய்வகம் லின்-4ஐத் தேடிப்பிடித்தது. புரதம் எதற்கும் குறிப்பு இல்லாத, 22 எழுத்து ஆர்என்ஏ ஒன்றுதான் கிடைத்தது. கேரி ருவ்குனின் ஆய்வகம் லின்-14ஐ ஆராய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் கையிலிருந்த வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. லின்-14இன் தூது ஆர்என்ஏவுடைய வால் பகுதியில், லின்-4 பொருந்தி உட்காரக்கூடிய இடங்கள் பல இருந்தன. இரண்டு கட்டுரைகளும் 1993இல் வெளிவந்தன. பெரிய பரபரப்பு எதுவும் எழவில்லை. ஏதோ புழுவின் தனி விவகாரம் என்று பலர் விட்டுவிட்டார்கள். 2000இல் ருவ்குன் குழு லெட்-7 என்ற இரண்டாவது துணுக்கைக் கண்டுபிடித்தது. அது மனிதன் உட்பட ஏராளமான விலங்குகளில் எழுத்து மாறாமல் இருந்ததும் நிலைமை தலைகீழானது. 2024இன் மருத்துவ நோபல் இந்த இருவருக்கும்.

புழுவில் இந்தத் துணுக்குகள் செய்தது கடிகார வேலை, "நேரமாகிவிட்டது, பழையதை விடு" என்று சொல்வது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியில் லெட்-7 திரும்ப வரும்போது தேவைப்படும்.

துணுக்கு எப்படித் தயாராகிறது

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். முதலில் செல்லின் கருவுக்குள் ஒரு நீண்ட ஆர்என்ஏ படியெடுக்கப்படுகிறது. அதன் ஒரு பகுதி தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசி போல நிற்கும். ட்ரோஷா என்ற நொதி, டிஜிசிஆர்8 என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து, அந்தக் கொண்டை ஊசியை மட்டும் சுமார் 70 எழுத்து நீளத்தில் வெட்டி எடுக்கிறது. எக்ஸ்போர்ட்டின்-5 அதைக் கருவுக்கு வெளியே கொண்டுபோகிறது. வெளியே டைசர் என்ற இன்னொரு நொதி காத்திருந்து, ஊசியின் வளைந்த தலையை நறுக்கிவிடுகிறது. மிச்சம் இரட்டை இழை. அதில் ஒன்றை ஆர்கோனாட் என்ற புரதம் பிடித்து வைத்துக்கொள்ளும், மற்றது வீணாகும். ஆர்கோனாட்டின் பிடியில் இருக்கும் அந்த ஒற்றை இழைதான் வேலைக்குத் தயாரான மைக்ரோ ஆர்என்ஏ.

டைசர் என்ற பெயரை மட்டும் மறக்காதீர்கள். எந்த மைக்ரோ ஆர்என்ஏவும் அநேகமாக அதன் கத்தி படாமல் தயாராவதில்லை. ஆகவே ஒரு செல்லில் மைக்ரோ ஆர்என்ஏ மொத்தத்தையும் ஒரே அடியாக ஒழித்துப் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் டைசரைத்தான் நீக்குவார்கள்.

இனி முக்கியமான கட்டம்: இலக்கைக் கண்டுபிடிப்பது. 22 எழுத்தும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. முன்பக்கத்தில் 2ஆம் எழுத்திலிருந்து 8ஆம் எழுத்து வரை உள்ள ஏழு எழுத்துகள் பொருந்தினால் போதும். இந்த ஏழுக்கு "விதை" என்று பெயர். லெட்-7ஐயே எடுத்துக்கொள்வோம். அதன் விதை ஜி-ஏ-ஜி-ஜி-யூ-ஏ-ஜி. ஏ எழுத்து யூவோடும், ஜி எழுத்து சியோடும் சேரும்; இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் படுக்கும். ஆகவே ஒரு தூது ஆர்என்ஏவின் வாலில் சி-யூ-ஏ-சி-சி-யூ-சி என்று எங்காவது இருந்தால் லெட்-7 அங்கே உட்காரலாம். உட்கார்ந்தால் புரதத் தயாரிப்பு தடுமாறும். தூது ஆர்என்ஏ சீக்கிரம் சிதைந்து போகும்.

இதை ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். நான்கு எழுத்துகளை வைத்து ஏழு எழுத்துச் சொற்கள் 16,384 அமைக்கலாம். மனிதனுக்குப் புரதம் தரும் மரபணுக்கள் சுமார் 20,000. ஒவ்வொன்றின் வாலும் ஆயிரம் எழுத்து என்று வைத்துக்கொண்டால், ஒரு குறிப்பிட்ட விதைக்குப் பொருந்தும் இடம் வெறும் தற்செயலாகவே ஆயிரத்துக்கு மேல் கிடைக்கும். எல்லா இடமும் வேலை செய்யாது. ஆனாலும் ஒரு மைக்ரோ ஆர்என்ஏ ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடுகிறது என்பதும், ஒரு மரபணுவைப் பல மைக்ரோ ஆர்என்ஏக்கள் தொடுகின்றன என்பதும் இதிலிருந்தே புரிந்துவிடும். மனித மரபணுக்களில் பாதிக்கு மேல் இந்தப் பிடியில் இருக்கின்றன.

அப்படியானால் பாதிப்பு பயங்கரமாக இருக்கும் என்று தோன்றும். 2008இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரு மைக்ரோ ஆர்என்ஏவைச் சேர்த்தும் நீக்கியும், ஆயிரக்கணக்கான புரதங்களின் அளவு எப்படி மாறுகிறது என்று அளந்தன. பெரும்பாலான இலக்குகள் பாதி அளவுக்குக்கூடக் குறையவில்லை. கொஞ்சமே கொஞ்சம் தணிந்தன, அவ்வளவுதான். இதனால்தான் செய்திகளில் "நோயெதிர்ப்பின் மாஸ்டர் சுவிட்ச் கண்டுபிடிப்பு" என்று தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். சுவிட்ச் என்றால் எரியும் அல்லது அணையும். இது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், அதுவும் ஒரே திருகலில் நூறு பாட்டுகளின் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சம் குறைக்கும் குமிழ்.

இவ்வளவு மெல்லிய திருகல் ஒரு செல்லின் விதியை எப்படி மாற்றும்? இங்கேதான் நோயெதிர்ப்புச் செல்கள் சுவாரசியமானவை. அவை வளரும் பாதை முழுக்கத் தேர்வுகள். ஒவ்வொரு தேர்விலும் தேறினால் வாழ்வு, தவறினால் சாவு. தேர்வெல்லைக்கு மிக அருகில் நிற்பவனுக்கு அரை மதிப்பெண்ணும் பெரிய விஷயம்.

பி செல் கடக்கும் வாசல்

மைக்ரோ ஆர்என்ஏவுக்கும் ரத்தச் செல்களுக்கும் உள்ள தொடர்பை முதலில் தெளிவாகக் காட்டியது 2004இல் சாங்-ஜெங் சென், ஹார்வி லோடிஷ், டேவிட் பார்டெல் ஆகியோரின் ஆய்வு. எலியின் எலும்பு மஜ்ஜையில் மூன்று துணுக்குகள் கவனத்தை ஈர்த்தன: மிர்-142, மிர்-181, மிர்-223 (மிர் என்பது மைக்ரோ ஆர்என்ஏவின் சுருக்கம்). மிர்-223 நியூட்ரோஃபில் வகையறாவின் பக்கம் மிகுந்திருந்தது. மிர்-181 தைமஸிலும் பி செல்களிலும். முதிராத செல்களுக்குள் மிர்-181ஐ வலிந்து புகுத்தியபோது அவற்றிலிருந்து பி செல்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக உருவாயின. ஒரு துணுக்கு செல்லின் பாதையைச் சாய்க்க முடியும் என்பதற்கு அது முதல் சாட்சி.

பி செல் உருவாவதில் ஒரு வாசலை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். முன்-பி நிலை என்று ஒரு இளம் பருவம் உண்டு. அங்கே செல் தன் டிஎன்ஏவையே வெட்டி ஒட்டி, ஆன்டிபாடியின் பெரிய சங்கிலிக்கான மரபணுவைப் புதிதாகக் கோக்கிறது. வெட்டு ஒட்டு ஒழுங்கில்லாமல் நடப்பதால், ஒட்டிய இடத்தில் எழுத்துகள் மும்மூன்றாகப் பிரியும் கணக்கு பெரும்பாலும் பிசகிவிடும். சரியாக வர மூன்றில் ஒரு வாய்ப்பு. முதல் முயற்சி தவறினால், மற்றொரு பெற்றோரிடமிருந்து வந்த பிரதியில் இன்னொரு முயற்சி. இரண்டும் போனால் அந்தச் செல் சாக வேண்டியதுதான். தேறியவை அடுத்த பருவத்துக்குள் நுழைந்து வேகமாகப் பெருகும்.

சாவதற்கான ஏற்பாட்டில் பிம் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு. பிம் கூடினால் செல் தற்கொலை செய்துகொள்ளும். இந்தப் பிம்மின் தூது ஆர்என்ஏ வாலில் மிர்-17~92 என்ற கூட்டம் உட்காரும் இடங்கள் இருக்கின்றன. இது தனி ஆள் கிடையாது. ஒரே நீண்ட ஆர்என்ஏவிலிருந்து வெட்டியெடுக்கப்படும் ஆறு துணுக்குகள். 2008இல் எலியில் இந்தக் கூட்டத்தை நீக்கியபோது, பி செல்கள் இதே வாசலில் தேங்கி நின்றன, பிம் ஏறியிருந்தது. அதே ஆண்டில் இன்னொரு குழு இளம் பி செல்களில் டைசரையே நீக்கியது. அதே வாசல், அதே தேக்கம். பிம்மையும் சேர்த்து நீக்கினால் ஓரளவு வழி திறந்தது. "ஓரளவு" என்பதைக் கவனியுங்கள். டைசர் போனால் நூற்றுக்கணக்கான துணுக்குகள் போகின்றன. பிம் அதில் ஒரு சரடு மட்டுமே.

எதிர்ப்பக்கமும் தெரிய வேண்டும். பி, டி செல்களை உள்ளடக்கிய லிம்போசைட்டுகளில் மிர்-17~92ஐ அளவுக்கு மீறி வைத்தால், சாக வேண்டிய செல்களும் சாகாமல் பெருகுகின்றன. எலிகள் தன்னுடல் தாக்கு நோயால் மடிகின்றன. குறைந்தாலும் நஷ்டம், மிஞ்சினாலும் நஷ்டம்.

இதே வாசலில் இன்னொருவர் மிர்-150. முதிர்ந்த, ஓய்விலிருக்கும் பி, டி செல்களில் இது நிறைய இருக்கும். இளம் செல்களில் குறைவு. இதன் முக்கிய இலக்கு சி-மைப். இளம் லிம்போசைட்டுகள் வளர அந்தப் புரதம் அவசியம். 2007இல் கிளாஸ் ராயெவ்ஸ்கியின் குழு, மிர்-150ஐ அது வரக்கூடாத இளம் பருவத்திலேயே வரவைத்தது. பி செல்கள் முன்-பி வாசலைத் தாண்டவில்லை. மிர்-150ஐ முழுக்க நீக்கிய எலிகளிலோ சி-மைப் கூடி, பி-1 என்ற ஒரு வகை பி செல்கள் பெருகின. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. மிர்-150இன் அளவைப் படிப்படியாக மாற்றிப் பார்த்தார்கள். சி-மைப் அதற்கேற்ப ஒரு குறுகிய வரம்புக்குள்தான் ஏறி இறங்கியது. அந்தச் சின்ன ஏற்ற இறக்கத்துக்கே செல்களின் எண்ணிக்கை பெரிதாக ஆடியது. ஒரே துணுக்கு, ஒரே புரதம், ஆனால் எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தைமஸில் காதைத் தீட்டுவது

டி செல்லின் தேர்வு வேறு மாதிரி. தைமஸில் வளரும் ஒவ்வொரு டி செல்லும் தனக்கென ஓர் ஏற்பியைத் தற்செயலாகக் கோத்துக்கொள்கிறது. அந்த ஏற்பி உடலின் சொந்தப் புரதத் துண்டுகளோடு எப்படி உறவாடுகிறது என்று பார்ப்பதுதான் தேர்வு. கொஞ்சமும் ஒட்டவில்லை என்றால் அந்தச் செல்லால் பயனில்லை, கவனிப்பாரற்றுச் சாகும். மிக இறுக்கமாக ஒட்டினால் நாளைக்கு உடலையே தாக்கும், அதுவும் கொல்லப்படும். லேசாக ஒட்டுபவை மட்டும் பிழைக்கும். தைமஸுக்குள் தேர்வெழுதுபவற்றில் மிகப் பெரும்பாலானவை உயிரோடு வெளியே வருவதில்லை.

இங்கே ஒரு சிக்கல். லேசான ஒட்டுதலைச் செல் உணர வேண்டுமென்றால் அதன் காது கூர்மையாக இருக்க வேண்டும். ஆனால் வெளியே வந்த பிறகும் அதே கூர்மை இருந்தால், உடலின் சொந்தத் துண்டுகளின் லேசான தொடுகைக்கெல்லாம் கொதித்தெழும். தைமஸுக்குள் கூர்மை, வெளியே மந்தம் என்ற ஏற்பாடு வேண்டும்.

மிர்-181ஏ இதைச் செய்கிறது. ஏற்பியிலிருந்து வரும் சமிக்ஞை, புரதங்களில் பாஸ்பேட் ஏற்றி ஏற்றி உள்ளே கடத்தப்படுகிறது. அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றி சமிக்ஞையைத் தணிக்கும் புரதங்களும் செல்லில் உண்டு. மிர்-181ஏ அந்தத் தணிப்பான்களில் பலவற்றை ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சம் குறைக்கிறது. தணிப்பு குறைந்தால் சமிக்ஞை உரக்கக் கேட்கும். தைமஸில் தேர்வெழுதும் பருவத்தில் மிர்-181ஏ உச்சத்தில் இருக்கிறது. முதிர்ந்த டி செல்லில் இறங்கிவிடுகிறது. 2007இல் சாங்-ஜெங் சென்னின் குழு இதை விளக்கியபோது, நூறு இலக்குகளை மெல்ல அடக்குவதால் என்ன லாபம் என்ற பழைய கேள்விக்கு ஒரு நல்ல பதில் கிடைத்தது. ஒரே பாதையில் இருக்கும் பல தணிப்பான்களை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தட்டினால், மொத்தத்தில் பெரிய மாற்றம் வந்துவிடுகிறது.

மிர்-181 குடும்பத்தின் ஒரு முக்கியக் கூட்டத்தை நீக்கிய எலிகளில் சாதாரண டி செல்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. என்கேடி செல்கள் என்ற சிறு பிரிவு மட்டும் ஏறக்குறைய காணாமல் போகிறது. அந்தப் பிரிவுக்கு வழக்கத்தைவிட உரத்த சமிக்ஞை தேவை என்பது தெரிந்ததுதான். வயதானவர்களின் டி செல்களில் மிர்-181ஏ குறைந்து, தணிப்பான் புரதம் ஒன்று கூடி, செல்லின் கேள்வித்திறன் மங்குவதையும் 2012இல் கண்டார்கள். முதுமையில் நோயெதிர்ப்பு தளர்வதற்குக் காரணங்கள் பல; அதில் இதுவும் ஒன்று.

தேர்வில் தப்பித் தவறி வெளியே வந்துவிடும் முரட்டு டி செல்களை அடக்க, ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற தனிப் பிரிவு இருக்கிறது. 2025இன் மருத்துவ நோபல் இவற்றைக் கண்டறிந்ததற்குத்தான். முந்தைய ஆண்டுப் பரிசும் இந்தப் பரிசும் சந்திக்கும் ஒரு சோதனை 2008இல் நடந்தது: மூன்று குழுக்கள் இந்த ஒழுங்குபடுத்தும் செல்களில் மட்டும் டைசரை நீக்கிப் பார்த்தன. எலிகள் கடுமையான தன்னுடல் தாக்கு நோயில் விரைவாக இறந்தன. ஒழுங்குபடுத்தும் செல்களே இல்லாத எலிகளுக்கு நேர்வது கிட்டத்தட்ட இதுதான். மற்ற எல்லாச் செல்களிலும் மைக்ரோ ஆர்என்ஏ நன்றாகவே இருந்தது. காவலர்களிடம் மட்டும் இல்லை.

களத்துக்கு வந்த பிறகு

வளர்ந்து முடிந்த செல் கிருமியைச் சந்தித்ததும் இன்னொரு சுற்று வளர்ச்சி தொடங்கும். அங்கே அதிகம் பேசப்படுவது மிர்-155. இதன் முன்கதை வேடிக்கையானது. கோழிகளில் பி செல் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு வைரஸ் டிஎன்ஏவில் வந்து சொருகிக்கொள்ளும் இடங்களில் ஒன்றுக்கு பிக் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஆர்என்ஏ வருகிறது, புரதம் வரவில்லை. வெகுகாலம் அது ஏன் இருக்கிறது என்றே புரியவில்லை. மைக்ரோ ஆர்என்ஏ பற்றித் தெரிந்த பிறகு பார்த்தால், அந்த நீண்ட ஆர்என்ஏவுக்குள் ஒரு கொண்டை ஊசி ஒளிந்திருந்தது. அதுதான் மிர்-155.

2007இல் மிர்-155 இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். பார்க்க நன்றாக இருந்தன, செல்களும் இருந்தன. ஆனால் தடுப்பூசி போட்டு சால்மொனெல்லா கிருமியைக் கொடுத்தபோது காப்பு சரியாக எழவில்லை; பி செல்கள் ஆன்டிபாடியைச் செதுக்கிக் கூர்மையாக்கும் முளை மையங்கள் சோடையாக இருந்தன. இன்னொரு பக்கம், பி செல்களில் மிர்-155ஐ ஓயாமல் ஓடவிட்ட எலிகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது.

ஒரு இலக்கை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். ஆன்டிபாடி மரபணுவில் வேண்டுமென்றே எழுத்துப்பிழைகளை உண்டாக்கும் எய்ட் என்ற நொதி பி செல்லில் உண்டு. பிழைகளில் சில ஆன்டிபாடியைச் சிறப்பாக்கும். ஆனால் அந்த நொதி வேறு மரபணுக்களில் கை வைத்தால் குரோமோசோம்கள் உடைந்து தவறாக ஒட்டிக்கொள்ளும். 2008இல் ஆராய்ச்சியாளர்கள் மிர்-155ஐத் தொடவில்லை. எய்ட் நொதியின் தூது ஆர்என்ஏ வாலில் மிர்-155 உட்காரும் அந்த ஒரே இடத்தை மட்டும் மாற்றினார்கள். எய்ட் கூடியது, புற்றுநோய்க்கு இட்டுச்செல்லும் வகை ஒட்டுதல்களும் கூடின. நூற்றுக்கணக்கான இலக்குகளில் எது முக்கியம் என்று நிரூபிக்க இதைவிடச் சுத்தமான முறை கிடையாது. ஒரு துணுக்கை முழுக்க நீக்கிவிட்டு, கணினி சொன்ன இலக்குப் பட்டியலிலிருந்து கதை கட்டுவது எளிது. பல கட்டுரைகள் அப்படித்தான் வருகின்றன. இடத்தை மாற்றிப் பார்த்தார்களா என்று தேடுவது நல்ல பழக்கம்.

மிர்-146ஏ இந்தக் களத்தின் பிரேக். அபாயச் சங்கை ஊதும் சமிக்ஞைப் பாதையே மிர்-146ஏவையும் எழுப்புகிறது. எழுந்த துணுக்கு அதே பாதையின் இரண்டு இணைப்புகளைத் தாழ்த்தி, சங்கு நிற்க உதவுகிறது. டேவிட் பால்டிமோரின் குழு 2006இல் இதைக் காட்டியது. இது இல்லாத எலிகளுக்கு வயதாக வயதாக மண்ணீரல் வீங்கும், தன்னுடல் தாக்கு வரும். மிர்-223க்கும் இப்படி ஒரு குணம் உண்டு. நம் உடல் ஒரு நாளில் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களைச் செய்கிறது. அதன் முன்னோடிச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் மிர்-223 பிடித்து வைக்கிறது. நீக்கினால் எலியில் நியூட்ரோஃபில்கள் கூடுவதோடு, சின்னத் தூண்டலுக்கும் சீறுகின்றன.

லெட்-7 திரும்ப வருகிறது

கருவில் இருக்கும் குழந்தையின் நோயெதிர்ப்புச் செல்களும் பெரியவர்களின் செல்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கருப்பருவக் குருத்தணுக்களிலிருந்து பி-1ஏ போன்ற சில வகைகள் எளிதாக உருவாகின்றன. கிருமியைச் சந்திக்காமலேயே பொதுவான ஆன்டிபாடிகளைச் சுரப்பவை இவை. வளர்ந்த விலங்கின் எலும்பு மஜ்ஜை இந்த வகையை அரிதாகத்தான் உண்டாக்குகிறது. எது இந்த மாற்றத்தைத் தீர்மானிக்கிறது?

லின்28பி என்ற புரதம் கருப்பருவச் செல்களில் நிறைய இருக்கிறது. லெட்-7 முழுமையாகத் தயாராவதை அது தடுக்கிறது. பிறந்து வளரும்போது லின்28பி இறங்க, லெட்-7 ஏறுகிறது. 2012இல் வளர்ந்த எலியின் குருத்தணுக்களில் லின்28பியைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார்கள். அந்த முதிய குருத்தணுக்கள் கருப்பருவத்துக்கே திரும்பிவிட்டதுபோல பி-1ஏ செல்களையும், கருவில் மிகுதியாக உருவாகும் மற்ற சில வகைகளையும் உற்பத்தி செய்யத் தொடங்கின. புழுவில் "நேரமாகிவிட்டது" என்று சொன்ன அதே துணுக்கு, அதே எழுத்துகளோடு, பாலூட்டியின் மஜ்ஜையிலும் அதே வேலையைத்தான் பார்க்கிறது. லின்28 என்ற பெயரும் அந்தப் புழு ஆராய்ச்சியிலிருந்தே வந்தது.

மருந்தாக்க முயன்றபோது

குறைந்தால் சேர்ப்போம், மிஞ்சினால் தடுப்போம் என்று யாருக்கும் தோன்றும். நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோயில் 13ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு அடிக்கடி தொலைந்துபோவதும், அந்தத் துண்டில் மிர்-15, மிர்-16 இருப்பதும் 2002இலேயே தெரிந்துவிட்டது. கட்டிகளை அடக்கும் இன்னொரு துணுக்கான மிர்-34ஏவை லிப்பிட் (கொழுப்பு) உறைக்குள் வைத்துப் புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் ஏற்றும் சோதனை 2013இல் தொடங்கியது. மைக்ரோ ஆர்என்ஏவையே புற்றுநோய் மருந்தாக மனிதனுக்குக் கொடுத்த முதல் முயற்சி அது. 2016இல் நிறுத்தப்பட்டது. கட்டிகள் சிலருக்குச் சுருங்கின. ஆனால் சிலருக்கு நோயெதிர்ப்பு மண்டலம் கடுமையாகப் பொங்கி, உயிரிழப்பும் நேர்ந்தது. மிர்-34ஏ எலிகளில் இளம் பி செல்களின் வளர்ச்சியிலும் தலையிடும் துணுக்கு என்பது 2010இலேயே தெரிந்த விஷயம்.

இரண்டு ஆண்டு கழித்து, 2018இல், சிறு ஆர்என்ஏ ஒன்று மருந்தாக அனுமதி பெற்றது. பெயர் பாட்டிசிரான். அதுவும் ஆர்கோனாட்டில்தான் போய் உட்காருகிறது. நீளமும் ஏறக்குறைய அதே. ஆனால் அது விதையை மட்டும் நம்பும் மைக்ரோ ஆர்என்ஏ வகை கிடையாது. இழை முழுக்க ஒரே ஒரு தூது ஆர்என்ஏவோடு பொருந்துமாறு வடிவமைத்த குறுக்கிடும் ஆர்என்ஏ. போய்ச் சேர வேண்டிய இடமும் கல்லீரல் ஒன்றுதான்.